பெட்ரோல் இருக்கா?

சென்ற வியாழக்கிழமை மாலை ஆறே கால் மணிக்கு, பெங்களூர் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தின் எதிரே, மெழுகுவர்த்திக் கடைகளுக்கும் நவநாள் ஜெபத்துக்கு வந்த ஜனசமுத்திரத்துக்கும் மத்தியில், பின்னிருக்கையில் என் தர்மபத்தினியும் அவள் மடியில் மூன்று கிலோ வெங்காயமும் வீற்றிருக்க, என்னுடைய மோட்டார் சைக்கிள் யாதொரு முன்னறிவிப்புமின்றித் தன் பிராணனை விட்டது. அதைப் பற்றி எனக்கு விசேஷ துக்கம் ஒன்றுமில்லை. நீலசந்திராவில் வீட்டை விட்டுக் கிளம்பிப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஒழுங்காக ஓடுவதும், பிறகு இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுபோவதும், எத்தனை உதைத்தாலும் அசையாமல் கிடப்பதும், அப்புறம் தானாக மனம் இரங்கிக் கிளம்புவதும் இரண்டு மாதங்களாக அதன் நித்திய கர்மானுஷ்டானங்கள் ஆகிவிட்டன. என் ஆத்திரமெல்லாம், வண்டி நின்ற நிமிஷத்துக்கும் மறுபடி கிளம்பிய நிமிஷத்துக்கும் இடையில் என்மீது வீசப்பட்ட ஒரு கேள்வியின் பேரில்தான். பதினொரு பேர் கேட்டார்கள். எண்ணினேன்.

ஆயினும் கோபத்தோடு பேனாவை எடுப்பது அழகல்ல என்பதால், இந்தக் கட்டுரையை லோகோபகாரமான ஒரு காரியத்துக்கே அர்ப்பணிக்க உத்தேசித்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, பிறகு கிளம்ப மறுக்கும் வண்டியின் வியாதியைச் சாஸ்திரோக்தமாகக் கண்டறிவது எப்படி என்பதை மூன்று படிகளில் விளக்கப்போகிறேன். பெட்ரோல் என்ஜின் எதுவாயினும் அது ஜீவித்திருக்க மூன்று வஸ்துக்கள் வேண்டும்: தீப்பொறி, பெட்ரோல், காற்று. இம்மூன்றையும் நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கிறவனுக்கு எந்த வண்டியும் தன் ரகசியத்தை ஒளிக்க முடியாது.

முதற்படி, தீப்பொறி. பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியை மறுபடி மாட்டி, என்ஜினின் இரும்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை உதைத்தால், முனையில் நீலமாகப் பளிச்சென்று ஒரு பொறி தாவ வேண்டும். சோகை பிடித்தாற்போல் மஞ்சளாகத் தாவினாலோ, தாவாமலே இருந்தாலோ குற்றம் அங்கே இருக்கிறது. எங்கள் கடைத்தெரு மெக்கானிக் ஒருவர் பிளக்கை மாற்றினார். இன்னொருவர், காயில் சூடேறினால் உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பி விரிந்து தொடர்பு அறுந்துவிடும், ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும் என்றார். இது கேட்பதற்கு ஒரு வேதாந்த விசாரம்போல் ரம்மியமாக இருந்தமையாலும், பல வண்டிகளில் வாஸ்தவமாகவே நடப்பது என்பதாலும், ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் புதுக் காயில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றாமவர் கார்புரேட்டரை அக்கக்காகக் கழற்றிக் கழுவினார். மூவர் கடையிலும் என் வண்டி, போலீஸ் ஸ்டேஷனில் ஒன்று சொல்லிக் கூண்டில் ஏறியதும் வேறொன்று சொல்லும் சாட்சியைப் போல, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக் காட்டியது. "நல்லாத்தானே சார் ஓடுது?" என்று மூவரும் என்னைப் பார்த்த பார்வையில், சோதிக்க வேண்டியது வண்டியை அல்ல என்ற அபிப்பிராயம் தொனித்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு வாங்கிய வண்டியாக இருந்தால், கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரும், தன் பாவங்களைத் தானே ஒப்புக்கொள்ளும் ஒரு மஞ்சள் விளக்கும் இருந்திருக்கும். என்னுடையது அதற்கு முந்திய பிறவி.

இரண்டாம் படி, பெட்ரோல். இந்த இடத்தில்தான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

"பெட்ரோல் இருக்கா?"

நன்னூலில் பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார். அவரை ஆதரித்து அந்நூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் குலத்தவன். கங்கர்களின் பழைய தலைநகரான கோலாரோ எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். ஆகவே முனிவர் ஏறக்குறைய எங்கள் பக்கத்து மனிதர் என்றும், வியாழக்கிழமை மாலையை முன்கூட்டியே மனத்தில் வைத்துத்தான் அந்தச் சூத்திரத்தை எழுதினார் என்றும் நினைக்க எனக்கு உரிமை உண்டு. வெங்காயப் பையை என் கையில் கொடுத்துவிட்டு என் மனைவி நடைமேடையில் உட்கார்ந்த பிறகு, எனக்கு வேறு வேலை இல்லாமையால், வந்தவர் ஒவ்வொருவரையும் வகைப்படுத்தத் தொடங்கினேன்.

முதலில் வந்தவர் ஒரு ஆட்டோக்காரர். விடை தமக்குத் தெரிந்திருந்தும், என் அறிவைப் பரிசோதிக்கும் பொருட்டு, பள்ளிக்கூட வாத்தியார் பையனை நிமிர்த்திவைத்துக் கேட்கிற தோரணையில் கேட்டார். இது அறிவினா. அடுத்தது கையில் பலூனோடு வந்த ஆறு வயதுப் பிள்ளை; அதற்கு உண்மையாகவே தெரியாது, எனவே அறியாவினா. அந்தக் குழந்தை ஒன்றுக்குத்தான் நான் அன்று பிரியத்தோடு பதில் சொன்னேன். மூன்றாமவர் "பெட்ரோலா, பிளக்கா, இல்லே இந்த எத்தனாலா?" என்று இழுத்தார். ஐயவினா. பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்க ஆரம்பித்ததிலிருந்து, இந்த ஐயப்பாட்டுக்காரர்களுக்குத் தங்கள் வயிற்றுவலி வரைக்கும் குற்றஞ்சாட்ட ஓர் ஆசாமி கிடைத்துவிட்டான். நான்காமவர் காலித் தண்ணீர் பாட்டிலோடு ஆஸ்டின் டவுன் பக்கமிருந்து நடந்து வந்தார். அவர் வண்டியில்தான் பெட்ரோல் தீர்ந்திருந்தது, என்னிடம் இருக்குமானால் அரை லிட்டர் பெற்றுக்கொள்ளலாம் என்ற உத்தேசத்தோடு கேட்டார். கொளல் வினாவுக்கு இதைவிடத் துல்லியமான உதாரணத்தை உரையாசிரியர் எவரும் தந்ததில்லை. மெழுகுவர்த்தி விற்கும் அம்மாள், இல்லையென்றால் தம் மகன் வண்டியிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொல்லிக் கேட்டார்கள். கொடை வினா; என் கண் கலங்கிற்று. போக்குவரத்துக் கான்ஸ்டபிள் கேட்டதன் பொருள் "இடத்தைக் காலி பண்ணு" என்பது. ஏவல் வினா.

ஆறும் தீர்ந்தன. ஆனால் கேட்டவர்கள் இன்னும் ஐவர் பாக்கி. முனிவருக்கு எட்டாத ஏழாவது வகை இவர்களுடையது. இவர்கள் நிற்பதில்லை, ஓடுகிற வண்டியிலிருந்தே கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் ஈஜிபுர சிக்னலை அடைந்துவிடுவார்கள். பதிலை எதிர்பாராமல் கேட்கப்படும் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்து, 'நிஷ்காம்ய வினா' என்று வைத்திருக்கிறேன். கீதையின் உபதேசம் இந்த ஒரு விஷயத்தில் இந்நகரத்தில் பூரணமாக நிறைவேறிவிட்டது. பாஷையும் ஒரு தடையல்ல. "பெட்ரோல் இதெயா?" என்பார் ஒருவர், "பெட்ரோல் ஹை கி நை?" என்பார் மற்றொருவர், "பெட்ரோல் உந்தா?" என்பார் மூன்றாமவர். பாஷையின் பெயரால் இவ்வூரில் அவ்வப்போது எழுந்து அடங்கும் சண்டைகளை எண்ணும்போது, நின்றுபோன வண்டிக்காரனை இம்சிப்பதில் சகல ஜாதியாரும் சகல மொழியாரும் ஏகமனதாய் இருப்பது தேசாபிமானிகள் கவனிக்கத்தக்க அம்சமாகும்.

நின்று கேட்பவர்களிலோ சிலர் வாய்மொழியை நம்புவதில்லை. கேட்டுவிட்டு, என் அனுமதியைப் பெறாமலே ஹாண்டிலைப் பிடித்து வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி, சந்தையில் தேங்காயை ஆட்டிப் பார்க்கும் மாமியைப்போல் டாங்கின்மேல் காதை வைப்பார்கள். என் தகப்பனார் காலத்து ஸ்கூட்டரையும் காலையில் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுத்தான் உதைப்பார்கள். அதில் ஒரு பயன் உண்டோ இல்லையோ, ஒரு மரியாதை உண்டு, அந்த வண்டியைச் சொந்தக்காரர்தான் சாய்ப்பார். காதிலும் நம்பிக்கை இல்லாதவர்களுக்காக நான் சாவியை எடுத்து, டாங்கின் மூடியைத் திறந்து, 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று காட்ட வேண்டியதாகிவிடும். திறக்கும்போது ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும். முக்கால் டாங்க் பெட்ரோல் தளதளவென்று தெரியும். அவர்கள் குனிந்து பார்த்து, "இருக்கே!" என்று ஆச்சரியப்படுவார்கள். நான் மூடிவிட்டு ஆத்திரத்தில் ஓர் உதை விடுவேன், வண்டி கிளம்பிவிடும். என்னவோ தாம் கைதொட்டு ஆசீர்வதித்ததால் கிளம்பியது என்கிற பாவனையில் தலையசைத்துவிட்டு அவர்கள் போவார்கள். இரண்டு மாதத்தில் இப்படி எத்தனை முறை என்று கேட்காதீர்கள்.

நானும் யோக்கியன் அல்லன். போன வருஷம் ஜான்சன் மார்க்கெட் அருகே, கழன்ற முன்சக்கரத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிதரிடம், எச்சில் விழுங்குவதைப்போல் அனிச்சையாக, இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இருந்தாலும் நான் ஒருவன். பதினொரு பேர் அல்ல.

சனிக்கிழமை காலை, என் மனைவியின் வற்புறுத்தலின்பேரில், ஆனேபாளையாவில் ஒரு பெரியவரின் கடைக்கு இருவரும் போனோம். அவர் கேட்ட முதற்கேள்வியை ஊகித்திருப்பீர்கள். நான் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். மனைவி முழங்கையால் இடித்தாள். மூடியைத் திறந்துகொடுத்தேன். ஸ்ஸ் என்றது. பெரியவர் பெட்ரோலைப் பார்க்கவேயில்லை. "இந்தச் சத்தம் எப்பவும் வருதா சார்?" என்றார். வரும் என்றேன். மூடியைத் திருப்பி, அடிப்புறத்தில் வாயை வைத்துக் கன்னம் புடைக்க ஊதினார். காற்று அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு, என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் கேட்டார்: "எண்ணெ டின்னு வாங்கினா எத்தினி ஓட்டை போடுவீங்கம்மா?"

"ரெண்டு. ஒண்ணுல ஊத்தினா எண்ணெ இறங்காது" என்றாள் அவள்.

"அதேதான்மா" என்றார். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்ப மேலேயிருந்து காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஊசித்துவாரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது அடைபட்டால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கீழே இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். கார்புரேட்டரில் தேங்கியிருந்தது தீர்ந்ததும் என்ஜின் நின்றுவிடும். மூடியைத் திறந்தாலோ, இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசியும்வரை காத்திருந்தாலோ மறுபடி கிளம்பும். அதாவது என்னை இம்சித்த அத்தனை பேரும், இம்சித்ததன் மூலமாகவே, என் வண்டிக்கு வைத்தியம் செய்துவந்திருக்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளத் தயாராயில்லை. தெரிந்து செய்தால்தான் வைத்தியம்.

"ஒரு ஊக்கு இருந்தாக் குடுங்கம்மா" என்றார் பெரியவர். அவள் வளையலில் கோத்திருந்த ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைத் துவாரத்தில் விட்டு மெள்ளத் திருகி வெளியே எடுத்தபோது, நுனியில் காய்ந்த சந்தனம் கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதன்மேல் குங்குமச் சிவப்பு. ஆயுத பூஜையன்று வண்டிக்கு அபிஷேகம் என்று சொல்லத்தக்க தாராளத்தோடு சந்தனம் பூசினவன் நான். மூடியின்மேல் மூன்று விரலால் இழுத்துப் பட்டையே போட்டிருந்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி, தம் கணவர் செய்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொள்ள, தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்திச் சரிசெய்தார். எரிபொருள் குறைந்தபோது வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். இந்தச் சரித்திரத்தில் என் கவனத்தைக் கவர்வது அவருடைய சாமர்த்தியம் அல்ல, அவருக்கு வாய்த்த ஏகாந்தம். அந்தப் பாதையில் வேறு மோட்டார் வண்டியே கிடையாது. "பெட்ரோல் இருக்கா?" என்று கேட்கத் தெரிந்த ஜீவன் உலகத்தில் இன்னும் பிறந்திருக்கவில்லை.

மூன்றாம் படியான காற்றைப் பற்றி விஸ்தாரமாக எழுதுவதாக இருந்தேன். அதற்குள் வீட்டில் வேறொரு விவகாரம் கிளம்பிவிட்டது. பெரியவர் கூலியாகக் காசு ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் பேச்சுவாக்கில் அந்த ஊக்கைத் தம் சட்டைப் பையில் குத்திக்கொண்டுவிட்டார். அது பித்தளை, இப்போது வருகிற தகரம் அல்ல என்றும், கல்யாணத்தின்போது தன் பாட்டி கொடுத்தது என்றும் என் மனைவி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று ஆனேபாளையாவுக்கு மறுபடி போனேன். பெரியவர் இல்லை. கடைப்பையன் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பழைய கிரீஸ் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தான். முப்பது நாற்பது ஊக்குகள் இருக்கும்; எல்லாம் நுனி கறுத்தவை. அநேகத்தில் லேசாகச் சிவப்பு.

"எது சார் உங்களுது?" என்றான்.

பித்தளையாகத் தோன்றியது ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவளுடையது இல்லையாம்.