சந்தையில் ஒரு கடை வேண்டி

தவிசாளர் அவர்கள்,
நகர சபை,
சாவகச்சேரி.

விடயம்: பொதுச்சந்தையில் கிசுகிசுக் கடை நடத்த உரிமம் கோருதல்

ஐயா,

முப்பது வருடம் தென்மராட்சிப் பள்ளிக்கூடங்களில் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வூதியம் மருந்துக்கே சரியாகிவிடுகிறது. தெரிந்த துறையில் ஏதாவது வியாபாரம் செய்யலாமென்று பார்த்தால், அதில் இப்போது விலைபோகிற சரக்கு ஒன்றே ஒன்றுதான். அது பாட்டு இல்லை. ஆகவே பலாப்பழம் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆறடிக்கு ஆறடி ஒதுக்கி, பாடகர், இசையமைப்பாளர், வாத்தியக்காரர் ஆகியோரின் வீட்டுச் சங்கதிகளை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பலாப்பழத்துக்குப் பக்கத்தில் கேட்பதற்குக் காரணம் உண்டு. இரண்டுமே கையில் பட்டால் இலேசில் போகாது. பலாப்பாலுக்காவது எண்ணெய் இருக்கிறது.

சங்கதி என்ற சொல்லுக்கு நான் வகுப்பில் சொன்ன விளக்கம் வேறு. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி அழகு பண்ணுவது. கிசுகிசுவும் அதே இலக்கணத்தில்தான் வளர்கிறது என்பதை 2024 நவம்பரில் கண்டுகொண்டேன். 19 ஆம் திகதி ஏ. ஆர். ரஹ்மானும் சாய்ரா பானுவும் பிரிகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. முதலாம் சங்கதி: பிரிந்தார்கள். இரண்டாம் சங்கதி: ஏன் பிரிந்தார்கள்? அந்த நேரம் பார்த்து, அவரோடு மேடைகளில் வாசித்த பாஸ் கிட்டார்க் கலைஞர் மோகினி டேயும் தன் கணவரைப் பிரிவதாக அறிவித்துவிட்டார். மூன்றாம் சங்கதிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? இரண்டு வீட்டுத் துக்கத்துக்கும் முடிச்சுப்போட யூரியூப்காரருக்கு ஒரு முழு இரவுகூடத் தேவைப்படவில்லை. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லை என்று சாய்ராவின் சட்டத்தரணி சொன்னார். ரஹ்மான் தனக்குத் தகப்பன் மாதிரி என்று மோகினி சொன்னார். அவதூறுகளை 24 மணித்தியாலத்துக்குள் நீக்காவிட்டால் வழக்கு என்று ரஹ்மான் தரப்பு அறிவித்தல் அனுப்பியது. மறுப்பும் எங்கள் தொழிலில் நல்ல சரக்குத்தான் ஐயா. பழைய கதையை இன்னொருக்கால் முதலிலிருந்து சொல்ல அது ஒரு சாட்டு.

முன்வீட்டுத் தம்பி ஓடிவந்து, "சேர், அந்தப் பெட்டைதானாம் காரணம்" என்றான்.

"பாஸ் கிட்டாருக்கு எத்தனை நரம்பு தம்பி?"

"அதேன் சேர் இப்ப?"

பொதுவாக நாலு. பாட்டின் அடியில் கிடந்து, கேட்கிறவனுக்கு இருப்பே தெரியாமல் முழுப் பாட்டையும் தாங்குகிற வாத்தியம். பாவம், அதை விற்க முடியாது.

சந்தை நிலவரம் பற்றி உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் முற்றவெளியை நினைத்துப் பாருங்கள். 2024 பெப்ரவரி 9 ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் அந்த மைதானத்துக்கு ஹரிஹரன் பாட வந்தார். தமன்னா முதலான நட்சத்திரங்களும் வந்தார்கள். தடுப்புகள் உடைந்தன, சனம் உள்ளே பாய்ந்தது, பாட்டை இடையில் நிறுத்தவேண்டி வந்தது. அடுத்த நாள் நம் சந்தையில் ஆர் எந்தக் கம்பத்தில் ஏறினது, எந்த நடிகை எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரே கதை. வாழைக்குலை விற்கிற அண்ணையிடம், "ஹரிஹரன் என்ன பாடினவர்?" என்று கேட்டேன். "அவரும் வந்தவரோ?" என்றார். பகிடிக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எதற்கு உரிமம், சும்மா விற்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முன்னோடி ஒருவரின் அனுபவம் பயமுறுத்துகிறது. சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையில் நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதினார். எழுதாமல் இருப்பதற்கும் காசு வாங்கினார் என்பார்கள். அந்த இரண்டாவது வருமானத்தைப் பற்றி நானும் யோசித்து வருகிறேன். தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கவர்னருக்கு மனுக் கொடுக்க, உரிமம் பறிபோனது. மனுசன் அசரவில்லை, ‘இந்து நேசன்’ என்று வேறு பெயரில் கடை திறந்தார். (என் கடையை மூடினாலும் நானும் அப்படித்தான் செய்வேன் என்பதைப் பணிவோடு தெரிவிக்கிறேன்.) 1944 நவம்பரில் லட்சுமிகாந்தனை வேப்பேரியில் வைத்துக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். கொலைவழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் சிக்கி, ஆயுள் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில்தான் விடுதலையானார்கள். பாகவதர் மறியலில் இருந்தபோது அவருடைய ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது; மூன்று தீபாவளி கண்டது. வெளியே வந்தவரின் படங்கள் ஓடவில்லை. ஒரு மஞ்சள் பத்திரிகையால் பத்திரிகைக்காரனும் போனான், பாட்டுக்காரனும் போனான். வாசித்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே என் வாடிக்கையாளரின் பாதுகாப்புப் பற்றி நகர சபை கவலைப்பட வேண்டியதில்லை.

கழிவு பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துச் சந்தைகளில் நூறு கிலோ கொண்டுவந்தால் பத்துக் கிலோவைக் கழிவென்று எடுத்துவிடுகிறார்கள் என்று கமக்காரர் முறைப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் கடையில் அந்தப் பிரச்சினை வராது. ஒரு கலைஞன் வாழ்நாள் முழுக்கப் பாடி நூறு கிலோ சேர்த்தால், பாட்டு தொண்ணூற்றொன்பது கிலோவும் கழிவு. மிச்சம் ஒரு கிலோவை மட்டும் தராசில் வைப்பேன்.

ஊர்ச் சரக்குக்கு முன்னுரிமை கொடுக்கவேண்டும் என்று நீங்கள் நிபந்தனை போட்டால்தான் சங்கடம். இந்த ஊரின் பெயரை நாதஸ்வர உலகத்துக்குக் கொண்டுபோனவர் பஞ்சாபிகேசன் அவர்கள். அவர் பேரில் என்னிடம் ஒரு துண்டுச் சரக்குக்கூட இருப்பில் இல்லை. நல்ல விலை தருவதாகச் சொல்லி, நேற்று ஒரு வயோதிபரைப் பிடித்து விசாரித்தேன். எப்பவோ ஒரு திருவிழா இரவில் கேட்ட தோடியைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசினார். தேத்தண்ணிக் காசும் என் கணக்கில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கீத வாத்தியார்