பெரிய துரைக்கு ஒரு கதவு விண்ணப்பம்

மதிப்புக்குரிய பெரிய துரை அவர்களுக்கு,

அக்கரப்பத்தனை, கீழ்க்கணக்கு லயத்திலிருந்து பணிவுடன் எழுதிக்கொள்வது.

பங்களாக் குளியலறையின் கண்ணாடிக் கதவு தரையில் உரசுகிறது என்று போன வாரம் ஆள் அனுப்பினீர்கள். காலைப் பெரட்டு கலைவதற்குள் தகவல் வந்தது, கொழுந்து முதல் நிறுவைக்கு வருமுன் வேலை முடிந்தது. கொழும்பில் பாத்ரூம் சாமான் பூட்டிப் பிழைத்தவனுக்கு இது பெரிய காரியமில்லை. பிணைச்சலில் கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் துண்டு இருக்கும். அது நசுங்கினால் கதவு சரியும். அடியில் மரச்சீவலை ஆப்பாகக் கொடுத்துக் கதவைத் தூக்கி, ஸ்குரூவைத் தளர்த்தி, ரப்பரை மாற்றி, மட்டம் பார்த்து முறுக்கினேன். ஓரத்துக்கு சிலிக்கன் போட்டுவிட்டு, 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவந்தேன். அந்த ஒரு நாள் துரைசாணி அம்மாவுக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று எங்கள் லயமே கவலைப்பட்டது.

அதே கையோடு எங்கள் குளிக்கும் இடத்தையும் பரிசோதித்தேன். அறிக்கை பின்வருமாறு.

இங்குள்ள கதவு வேறு மாடல். இரண்டு ஊரியா பேக்கைப் பிரித்துத் தைத்துக் கட்டுக்கம்பியில் தொங்கவிட்டது. சரிந்து உரசும் பிரச்சினை கிடையாது, ஏனென்றால் தரைக்கு வந்து சேரவே சேராது. கண்ணாடிக் கதவில் காந்தப் பட்டி இருக்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு கருங்கல். அக்ரா ஓயாப் பக்கமிருந்து காற்று ஏறினால் கதவு தானாகவே முழுசாகத் திறக்கும், கொழும்பில் பெரிய ஹோட்டல்களில் மட்டும்தான் இந்த வசதியைப் பார்த்திருக்கிறேன். மலையில் நனைந்து வரும் பெண்கள் பொழுது சாய்ந்தபின் குறுக்குக்கட்டோடு இங்கே வருகிறார்கள். அம்மா குளிக்கும்போது தங்கச்சி வெளியே நின்று பேக்கின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். தங்கச்சி குளிக்கும்போது அம்மா பிடிப்பார். பங்களாவில் பித்தளையில் செய்து மாட்டியிருக்கும் பிணைச்சல் எங்கள் லயத்தில் இப்படித்தான் வேலை செய்கிறது, துரை. இதற்கு ரப்பர் மாற்ற எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பழைய தகரத்திலும் சட்டப் பலகையிலும் ஒரு கதவு அடித்தேன். பிணைச்சலும் கொண்டியும் என் காசு. நிலையை லயச் சுவரில் பூட்ட ஓட்டை போடப் போனபோது பெரிய கிளாக்கர் ஐயா வந்துவிட்டார். சுவர் தோட்டத்துச் சொத்தாம், ஒப்பீஸ் அனுமதி இல்லாமல் ஆணிகூட அடிக்கக் கூடாதாம். நல்லது. சுவருக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். கூரைத் தகரம் ஒழுகிய மழைக்காலம் முழுக்க அவரைத் தேடினோம், அகப்படவில்லை.

எதற்கும் முறையாக விசாரித்தேன். காணிச் சீர்திருத்தம் 1972இலும் 1975இலும் வந்து தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு வந்தது. குத்தகை 2045 வரை. நிலம் அரசாங்கத்துடையது, தேயிலை கம்பனியுடையது, குளிர் எங்களுடையது. கம்பனியிடம் கேட்டால் வீடு அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறது. அரசாங்கத்திடம் கேட்டால் லயம் தோட்டத்தினுடையது என்கிறது. இவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு நிலையை நிறுத்தி இரண்டு பிணைச்சல் பூட்டத்தான் நான் அனுமதி கேட்கிறேன். ஊரியா பேக் 2045 வரை தாங்காது என்பதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன்.

பொறுமையாக இருக்கச் சொல்கிறார் தோட்டத் தலைவர். புதுவீடு வரும், 7 பேர்ச்சஸ் காணி வரும், குளியலறைக்குக் கதவும் வரும் என்கிறார். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது அம்மாவும் லொறியில் ஏறிப் போய்க் கைதட்டிவிட்டுத்தான் வந்தார். அன்று தங்கச்சிக்கு ஒன்பது வயது. இப்போது அவளும் பேக்கின் ஓரத்தைப் பிடிக்கும் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள்.

சுவரில் ஓட்டை போட அனுமதி தருவது சிரமம் என்றால் வேறு வழி ஒன்றும் யோசித்து வைத்திருக்கிறேன். பங்களாவின் விருந்தினர் அறையில் கழற்றிய பழைய கண்ணாடிக் கதவு கராஜுக்குப் பின்னால் சாத்திக் கிடக்கிறது. அதைத் தந்தால் நாலு பேராகத் தூக்கிவந்துவிடுவோம். ஒரேயொரு சிக்கல், கதவின் உயரம் எங்கள் குளியல் மறைப்பை விட அதிகம். சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியை வெட்ட முடியாது, கை வைத்தால் மொத்தமும் பொடியாக உதிரும். ஆகவே கதவை விட்டுவிட்டு லயத்தின் கூரையைத்தான் ஒரு அடி உயர்த்த வேண்டியிருக்கும். அதற்கு எந்த ஒப்பீசில் விண்ணப்பிப்பது என்று தெரிவிக்கவும்.

கண்ணாடி வழியாக உள்ளே தெரியுமே என்று தயங்க வேண்டாம். ஊரியா பேக் கைவசம் இருக்கிறது, முன்னால் தொங்கவிட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
பங்களாக் கதவைப் பூட்டியவன்