தூண்டில் பதில்கள்

கே: எங்கள் ஊர் கை முறுக்கு மாவை உருட்டி முள்ளில் மாட்டினால் கெண்டை சிக்குமா? (ஆட்டையாம்பட்டி வாசகர்)

ப: மாவுக்கு மீன் வரும், முள்ளுக்கு வராது. அரிசி மாவில் பசை கிடையாது. தண்ணீர் பட்டதும் உதிர்ந்து வெறும் முள்தான் மிஞ்சும். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, கடலைப் புண்ணாக்குத் தூள் கலந்து, முள் முனை மறைகிற அளவுக்கு உருட்டிச் செருகுங்கள். அரிசி மாவைத் தவிட்டோடு பிடித்துத் தக்கை மிதக்கும் இடத்தில் வீசுங்கள். கூட்டம் சேர்க்க அதுதான் சரி.

கே: ஏரியில் விரால் புரளுவது கண்ணுக்குத் தெரிகிறது. மண்புழு போட்டால் ஜிலேபிதான் மாட்டுகிறது! (மல்லூர் வாசகர்)

ப: 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, மண்புழுவை வேறு மீனுக்கு விட்டுவைக்காது. விராலுக்கு ஓடுகிற இரை வேண்டும். அதற்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். அதனால் விடிந்ததும் தூண்டிலை ஓரமாக வைத்துவிட்டு, ஆகாயத்தாமரை ஓரத்தை மட்டும் பாருங்கள். ‘களக்’ என்று ஒரு சத்தம், ஒரு வட்டம். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அதை ஒட்டித்தான் எழும்பும்.

ரப்பர் தவளை வாங்குங்கள். அதன் முட்கள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடியில் சிக்காது. வட்டத்துக்கு அப்பால் வீசி, தத்தித் தத்தி இழுத்து வாருங்கள். கவ்வியதும் சுண்டாதீர்கள். வாயில் வாங்கித் திரும்பும்வரை விட்டு, நரம்பு இறுகியதும் ஓங்கிச் சுண்டுங்கள். அதன்பின் ஒரு சாண் தளர்த்தினாலும் செடிக்குள் புகுந்து முடிச்சுப் போட்டுவிடும். நரம்பு தடிமனாக இருக்கட்டும்.

கே: சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தின் அடியில் பெரிய விரால் நிச்சயம் இருக்குமாமே? (ராசிபுரம் வாசகர்)

ப: இருக்கும், குஞ்சுகளுக்குக் காவலாக. அங்கே எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். பசியே இல்லாமல் கடிக்கிற மீனைப் பிடிப்பதில் என்ன திறமை? பெரியதை எடுத்துவிட்டால் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அடுத்த வருடம் உங்கள் ஏரியில் விரால் வேண்டுமென்றால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போங்கள்.

கே: கட்லா, ரோகு, மிர்கால்: தக்கையை எந்த ஆழத்தில் கட்டுவது? (மேட்டூர் வாசகர்)

ப: வாயைப் பாருங்கள். கட்லாவுக்கு மேல்நோக்கிய வாய், மேல்தண்ணீர். ரோகு நடுத்தண்ணீர். மிர்காலுக்குத் தரை. அணையில் இறங்குமுன் மீன்வளத்துறையில் அனுமதி கேளுங்கள்.

கே: விலாங்கு கைக்கு வந்தும் வழுக்குகிறதே? (பரமத்திவேலூர் வாசகர்)

ப: சாக்குத்துணியால் பிடியுங்கள். ஆனால் பெரிய விலாங்கை ஆற்றிலேயே விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முட்டையிட அது கடலுக்குப் போக வேண்டும், வழியெல்லாம் அணை.

கே: திருமணிமுத்தாற்றில் கெளுத்தி ஏராளம். மீன் வாழ்ந்தால் தண்ணீர் நல்லதுதானே? (வீரபாண்டி வாசகர்)

ப: இல்லவே இல்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் அந்த ஆறு சேலத்தைத் தாண்டும்போது சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்து வருகிறது. அதிலும் பெருகுகிறதென்றால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கும். விரால் போலவே காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன், அதனால் தண்ணீரின் தரத்துக்கு அது சாட்சி ஆகாது. வளர்க்கத் தடையுள்ள இனம். பிடித்தால் ஆற்றில் திரும்ப விடவும் வேண்டாம், குழம்பு வைக்கவும் வேண்டாம்.

கே: கரண்ட் கம்பி போட்டால் அரை மணியில் கூடை நிறைகிறது. தூண்டில் எதற்கு? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

ப: நனைந்த காலோடு நிற்கிற ஆளையும் அந்தக் கம்பி மீனாகத்தான் பார்க்கும். கூடைக்கு வராத குஞ்சும் சேர்ந்து சாகும். வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றம் என்கிறது. கரண்டும் அந்த வரிசைதான். கம்பியை இன்றே கழற்றிவிடுங்கள்.