இடம் இருக்கு

ஐம்பத்தெட்டு வயதில் ஓவியம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தபோது மனைவி இரண்டே கேள்விதான் கேட்டாள். "பெயின்ரைக் கம்பளத்தில கொட்டுவியளோ?" என்பது முதலாவது. "உடுப்பில்லாத ஆக்களை நடுவில இருத்தி வைச்சுக் கீறுவினமாமே, உண்மையோ?" என்பது இரண்டாவது. நல்ல காலம், நான் சேர்ந்த மாலை வகுப்பு நிலக்காட்சி வகுப்பு. மரம், கட்டடம், தோட்டம், வானம். அவையும் உடுப்பில்லாமல்தான் நிற்கின்றன. ஆனால் அதைப் பற்றி யாரும் அவளிடம் கோள் சொல்லப் போவதில்லை.

தென் லண்டனில், குரோய்டனில் ஓவியம் படிப்பது இலேசுப்பட்ட விஷயமில்லை. இங்கிருந்த கலைக்கல்லூரியில் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி படிப்பித்திருக்கிறார். பின்னாளில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற பங்க் இசைக்குழுவை உலகத்தின் தலையில் கட்டிய மல்கம் மெக்லாரனும், அதற்குப் படம் போட்டுக் கொடுத்த ஜேமி ரீடும் அங்கே மாணவர்கள். 1968இல் கல்லூரியையே மறித்துப் போராட்டம் செய்தவர்கள். எங்கள் வகுப்பில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆகக்கூடிய கலகம் நான் இடைவேளையில் திறக்கிற மீன்பொரியல் பெட்டிதான்.

முதல் பயிற்சியாக ஆசிரியை, "நீங்கள் வாழும் ஊரில் மனிதன் திட்டமிட்டு அமைத்த காட்சி ஒன்றைக் கீறிக்கொண்டு வாருங்கள்" என்றார். வகுப்பிலிருந்த வெள்ளைக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். குரோய்டன் என்ற பேரைச் சொன்னால் இங்கிலாந்துக்காரருக்குத் தானாகவே சிரிப்பு வரும். சீமெந்துக் காடு, அழகில்லாத ஊர் என்று பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்கிறார்கள் போல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருசமாக இந்த ஊருக்கு வரி கட்டுகிறவனுக்கு அவ்வளவு சீக்கிரம் சிரிப்பு வராது.

கிழக்குக் குரோய்டன் ரயில் நிலையத்துக்கு வெளியே கதிரை போட்டு இருந்தேன். எதிரே ரிச்சர்ட் சைஃபெர்ட் வரைந்து 1970இல் கட்டி முடித்த 24 மாடிக் கோபுரம், நம்பர் வன் குரோய்டன். ஊரார் அதற்கு மூன்று பென்ஸ் கட்டடம் என்று பேர் வைத்தார்கள். அந்தக் காசு ஒழிந்துபோகவே ஐம்பது பென்ஸ் கட்டடம் என்று மாற்றினார்கள். விலைவாசி ஏற்றத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் கட்டடம் வேறெங்கும் இல்லை. எனக்கோ அது, அவசரத்தில் யாரோ இடியப்பத் தட்டுகளை ஒன்றுக்கொன்று கோணலாக அடுக்கிவைத்த மாதிரித் தெரிந்தது. கீறப் பார்த்தால் மூலைகள் ஒவ்வொரு மாடியிலும் இடம் மாறும். அழிறப்பர் பாதி தேய்ந்துவிட்டது.

அதைவிட்டு வெலஸ்லி ரோட்டுக்குப் போனேன். அங்கேதான் லூனர் ஹவுஸ். மனிதன் நிலவில் காலடி வைத்த பரவசத்தில் கட்டடத்துக்கு நிலவின் பேரை வைத்தார்கள், பக்கத்துக் கட்டடத்துக்கு அப்பல்லோ என்று வைத்தார்கள். உள்ளே குடிவரவுத் திணைக்களம். லண்டனுக்கு வந்த ஈழத்தமிழரில் பக்கிங்ஹாம் மாளிகையைப் பார்க்காதவர் உண்டு, லூனர் ஹவுஸைப் பார்க்காதவர் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் யாரும் அதைத் தலைநிமிர்ந்து பார்த்ததில்லை, கையிலிருந்த கடுதாசியைத்தான் பார்த்தோம். இப்போதுதான் முதல்தடவையாக அண்ணாந்து யன்னல்களை எண்ணிக் கீறிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தால் போன பழைய சிநேகிதர் ஒருவர் றோட்டைக் கடந்து ஓடிவந்து, மெல்லிய குரலில் கேட்டார்: "என்ன அண்ணை, இன்னும் விசா வரேல்லையோ?"

இந்தக் கோபுரங்கள் சும்மா முளைக்கவில்லை. 1956இல் குரோய்டன் நகரசபை நாடாளுமன்றத்தில் தனக்கென்றே ஒரு சட்டம் கேட்டு வாங்கியது. காணி எடுக்கலாம், வீதி அகட்டலாம், நடுநகரைப் புதுப்பிக்கலாம். அதற்குப் பிறகு அலுவலகக் கோபுரங்கள், சுரங்கப் பாதை, மேம்பாலம், மாடி மாடியாகக் கார் நிறுத்துமிடங்கள். வாண்டில் என்று ஒரு ஆறு ஊருக்குள் ஓடுகிறது. அதையும் வாண்டில் பூங்காவில் 1967இல் குழாய்க்குள் அடைத்து மேலே புல்லுப் போட்டார்கள். 2012இல் திரும்பத் தோண்டி வெளியே எடுத்தார்கள். ஆறு என்ன குற்றம் செய்ததென்று இரண்டு தடவையும் யாரும் சொல்லவில்லை.

வீதி அகட்டும் ஆசை இங்கே பழசு. ஜோர்ஜ் வீதி முனையில் விட்கிஃப்ட் தர்மசாலை என்று ஒரு செங்கல் கட்டடம் உண்டு. கான்டர்பரிப் பேராயர் ஜோன் விட்கிஃப்ட் ஏழை முதியோருக்காக 1596இல் தொடங்கி 1599இல் முடித்தது. இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். வீதிக்கு இடைஞ்சல் என்று அதை இடிக்க நகரசபை ஒற்றைக்காலில் நின்றது. 1923இல் பிரபுக்கள் சபை தலையிட்டுத்தான் காப்பாற்றியது. படலைக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். நடுவில் முற்றம், நாலு பக்கமும் அறைகள். எங்கள் ஊர் நாற்சார் வீடேதான்! ஒரு மூலையில் மிளகாய் காயவிடாத குறை ஒன்றுதான்.

இனித் தோட்டம். நகரமண்டபத்துக்குப் பக்கத்தில் குயீன்ஸ் கார்டன்ஸ். தாழ்ந்த தோட்டம், படியிறங்கிப் போகவேண்டும். ஏதோ பெரிய கலைஞன் யோசித்துத் தாழ்த்தினான் என்று நினைத்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். அது 1890இல் மூடப்பட்ட குரோய்டன் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பள்ளம். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுப் பூக்கன்று வைத்திருக்கிறார்கள். ரயில் ஓடாத இடத்தில் ரோசா ஓடட்டும் என்ற அந்தச் சிக்கனம் எனக்கு மெத்தப் பிடித்தது.

மெய்யான பெரிய கலைஞனைத் தேடி நியூ அடிங்டன் ட்ராமில் ஏறி கிராவல் ஹில்லில் இறங்கினேன். அடிங்டன் மாளிகை. கட்டடம் ராபர்ட் மைல்ன் வரைந்தது. 1807இலிருந்து அந்த நூற்றாண்டின் கடைசி வரை கான்டர்பரிப் பேராயர்களுக்கு வேனில் வாசஸ்தலம். பின்னாளில் கல்யாண மண்டபமாகியது, சுற்றிவர கோல்ஃப் விளையாட்டுத் திடல். அந்த நிலத்தை அமைத்தவர் லான்சலட் பிரௌன். இங்கிலாந்தின் தோட்டக் கடவுள். நேர்கோட்டுப் பாத்திகளையும் சதுரக் குளங்களையும் கிண்டி எறிந்துவிட்டு, வீட்டு வாசல்படி வரை புல்வெளியைக் கொண்டுவந்து, தூரத்தில் மரக்கூட்டம் வைத்து, எல்லாம் தானாகவே இப்படி இருந்தது என்று பார்ப்பவரை நம்பவைப்பார். 'கேப்பபிலிட்டி' பிரௌன் என்று அவருக்குப் பட்டப்பேர். எந்தப் பிரபுவின் காணியைப் பார்த்தாலும், "உங்கள் நிலத்தில் செய்ய நிறைய இருக்கிறது" என்பாராம்.

இதைப் படித்ததும் எனக்கு மச்சானின் ஞாபகம் வந்தது.

எங்கள் ஆட்கள் குரோய்டனில் வீடு பார்க்கப் போகும்போது மச்சானைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் குசினியைப் பார்க்கமாட்டார், குளியலறையைப் பார்க்கமாட்டார். நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "லொஃப்ட் எடுக்கலாம். செமி வீடுதானே, 50 கன மீற்றர் வரைக்கும் பெர்மிஷன் தேவையில்லை." பின்கதவைத் திறப்பார். "மூண்டு மீற்றர் எக்ஸ்டென்ஷன் இழுக்கலாம்." கடைசியாக முன்பக்கம் வந்து, வீட்டுக்காரக் கிழவி நாற்பது வருசமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த ரோசாக்களைப் பார்த்து, முகம் மலர்ந்து சொல்வார்: "இடம் இருக்கு. ரெண்டு கார் விடலாம்."

பிரபுக்களின் காணியில் பிரௌன் கண்டதும், 1956இல் நகரசபை உறுப்பினர்கள் ஊரின் நடுவில் கண்டதும், மச்சான் ரோசாச் செடிக்குள் கண்டதும் ஒன்றுதான். இருக்கிறதை அவர்கள் பார்ப்பதில்லை, இருக்கப் போவதைத்தான் பார்க்கிறார்கள். பிரௌனுக்குச் சிலை கிடைக்கும். மச்சானுக்கு ஒரு தேத்தண்ணியும் வடையும் கிடைக்கும்.

மகனிடம் இதைச் சொல்லி, பேச்சுவாக்கில் இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவையும் இழுத்தேன். அது பிழையான ஆயுதம். பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்கை என்ற றப்பர்த் தோட்டத்தை 1948இல் வாங்கி, ஏரி தெரிவதற்காகக் குன்றின் தலையையே சீவியவர், பிறகு 38 வயதில் லண்டனில் கட்டடக்கலை படித்து முடித்தவர் என்று நான் அளந்துகொண்டிருக்க, சட்டம் படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த மகன், "பாத்தீங்களா அப்பா, எனக்கும் ஆர்க்கிடெக்ச்சர்தான்" என்றான். குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது: "அந்த ஆள் முதல் லோ முடிச்சவர்தானே? நீயும் முடிச்சுப்போட்டு மலையை வெட்டு." பாவா பாரிஸ்டர் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊரில் எங்களுக்கு வேலிதான் கட்டடக்கலை. பூவரசும் கிளுவையும் கதிகாலாக நட்டு, வருசத்துக்கு ஒருக்கால் கிடுகோ பனையோலையோ வைத்து அடைப்போம். அதில் பக்கத்து வீட்டுக்குப் போய்வர ஒரு பொட்டு இருக்கும். சீனி கடன் வாங்குவதும் கல்யாணம் பேசுவதும் அதற்குள்ளால்தான். வாசலில் கூரை போட்ட சங்கடப்படலை இருந்தால், வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போவான். வீட்டுக்காரரைக் கேட்கவே தேவையில்லை. அதே வேலியை இராவோடிராவாக ஒரு முழம் தள்ளி நட்டு, பத்து வருசம் கோட்டுப்படி ஏறினதும் நாங்கள்தான். அந்தக் கெட்டித்தனத்துக்கு இங்கே வழியில்லை. பின்வளவில் வேலி இரண்டு மீற்றருக்கு மேலே போனால் கவுன்சிலிடம் கேட்கவேண்டும். வீதியோரத்தில் ஒரு மீற்றர்.

என் வீட்டு முன்முற்றமும் மச்சானின் கைவண்ணம்தான். சீமெந்துக் கல் பாவி, கார் ஏற நடைபாதை விளிம்பைத் தாழ்த்தும் ட்ராப் கேர்ப் எடுத்து, இரண்டு கார் நிற்கிறது. பின்வளவு மனைவியின் இராச்சியம். கீரைப் பாத்தி, கத்தரி, கிறீன்ஹவுஸுக்குள் பாவல், புடோல். புடோல் சுருளாமல் நேராக வளர, ஒவ்வொரு காயின் நுனியிலும் நூலில் கல் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். கடைசிப் பயிற்சிக்கு வேறு வழியில்லாமல் அதைத்தான் கீறிக்கொண்டு போனேன். ஆசிரியை நெடுநேரம் பார்த்தார். தொங்கும் கற்கள், பச்சைக் கோடுகள், ஈர்ப்புவிசை. "இதன் பின்னாலுள்ள சிந்தனை என்ன?" என்று கேட்டார். "காய் நேராக வரவேண்டும்" என்றேன். வகுப்பில் அதிகபட்சப் புள்ளி எனக்குத்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னால் மனைவி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிரௌன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்தபோது 1768இல் நட்ட திராட்சைக்கொடி கண்ணாடிக் கூட்டுக்குள் இன்னும் காய்க்கிறது என்று சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அவர் நல்ல மனுசன்" என்றாள். புல்வெளி, மரக்கூட்டம், மாளிகை எதற்கும் கிடைக்காத பாராட்டு ஒரு பந்தலுக்குக் கிடைத்தது. தோட்டக்கலை பற்றி வகுப்பில் கேட்ட எல்லாத் தீர்ப்பையும்விட எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

குரோய்டனில் வீடு வாங்கப் போகிறவர்கள் மச்சானைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அவர் முன்பக்கம் வரும்போது இதைச் சொல்லுங்கள்: 2008இலிருந்து இங்கிலாந்தில் முன்முற்றத்தில் 5 சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு மழைநீரை றோட்டுக்கு விடுவதென்றால் கவுன்சிலின் அனுமதி வேண்டும். சரளைக்கல் பரப்பினால் வேண்டாம். தண்ணீரை ஒரு பாத்திக்குத் திருப்பிவிட்டாலும் வேண்டாம். அந்தப் பாத்தியில் கீரை நன்றாக வரும்.