போர்பன் ரசிகர் ஆவது எப்படி? மலைவாசிகளுக்கு முழுப் பயிற்சி

குடிக்க யாருக்கும் வரும். ரசிக்கத்தான் பயிற்சி வேண்டும். ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு வீடு, அதில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அமெரிக்காவில் ஒரு மைத்துனர். மூன்றும் இருந்தால் நீங்கள் இப்போதே முக்கால் ரசிகர். கீழே உள்ளவற்றில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். மீதியையும் முடித்துவிடுவோம்.

1. சட்டம் படியுங்கள்

போர்பன் என்பது அமெரிக்க விஸ்கி. அதற்கு மூன்று விதி போதும். தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். உட்புறம் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாய். தயாரிப்பு அமெரிக்காவில், 1964ல் அந்த நாட்டு காங்கிரஸே இது எங்கள் நாட்டுக்கே உரிய சரக்கு என்று தீர்மானம் போட்டுவிட்டது. கென்டக்கி மாநிலத்தில்தான் காய்ச்ச வேண்டும் என்று விதி கிடையாது. விருந்தில் யாராவது அப்படிச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள். இன்னும் இரண்டு பேரிடம் அவர் சொல்லட்டும். அப்புறம் எல்லோர் முன்னாலும் திருத்துங்கள்.

ஜாக் டேனியல்ஸ் வாங்கிக்கொண்டு ஆசையாக வரும் நண்பரை, அவர் செருப்பைக் கழற்றும்போதே பிடியுங்கள். "அண்ணே, இது போர்பன் இல்லையே. டென்னசி விஸ்கி. மேப்பிள் கரியில வடிகட்டுவான்." பாட்டிலை மட்டும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி போட் ஹவுஸ் வாசலில் சோளத்தைத் தணலில் வாட்டி, எலுமிச்சை மூடியில் மிளகாய்த்தூள் தொட்டுத் தேய்த்துத் தருகிறார்கள். சோளம், கரி, புகை மூன்றும் பத்தடி தூரத்தில் இருந்தே மூக்கில் ஏறும். அந்தப் பக்கம் போகாதீர்கள். இவ்வளவு மலிவாக விஷயம் பிடிபட்டுவிட்டால் பயிற்சி கெட்டுப்போகும்.

2. உள்ளூரில் வாங்காதீர்கள்

2025 பிப்ரவரியில் போர்பனுக்கான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தார்கள். நமக்கு இது துக்கச் செய்தி. விலை குறைந்தால் கண்டவனும் வாங்குவான்.

நமக்கு மைத்துனர்தான் வழி. வெளிநாட்டிலிருந்து வருபவர் வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவரலாம். மைத்துனர், அவர் மனைவி, துளசி மாலையோடு வரும் அவர் மாமியார்: மொத்தம் ஆறு லிட்டர். விமான நிலையத்திலிருந்து போன் வந்தால் "பயணம் எப்படி மாப்ள?" என்று நேரத்தை வீணாக்காதீர்கள். "உடையலையே?" என்று கேளுங்கள்.

இ-பாஸ் எடுத்துக்கொண்டு மலை ஏறுவார்கள். சோதனைச் சாவடியில் குழந்தையின் தண்ணீர் பாட்டிலைப் பிளாஸ்டிக் என்று பிடுங்கிக்கொள்வார்கள். உங்களுடையது கண்ணாடி, கவலை வேண்டாம்.

3. மூடி சேருங்கள்

பிளாண்டன்ஸ் என்று ஒரு போர்பன், 1984ல் வந்தது. ஒரே பீப்பாயிலிருந்து பாட்டிலில் அடைப்பது அதன் பெருமை. உங்களுக்கு அது தேவையில்லை. தக்கையின் தலையில் குதிரையும் சவாரிக்காரனும் இருப்பார்கள், அதுதான் தேவை. மொத்தம் எட்டு மூடி. ஒவ்வொன்றிலும் குதிரை ஒரு நிலையில், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. எட்டும் சேர்ந்தால் பெயர் முழுதாக வரும். 'என்' இரண்டு முறை வருவதால், இரண்டாவதன் பக்கத்தில் இரு புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளி இல்லாத 'என்' ஐந்து சேரும்வரை மைத்துனரை விடாதீர்கள். கடைசி 'எஸ்' கிடைக்கவே கிடைக்காது. பேச்சுவாக்கில் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுங்கள்.

4. பாதுகாப்பு

ஒயின் பாட்டிலைப் படுக்கவைப்பார்கள்; நீங்களும் விஸ்கியைப் படுக்கவையுங்கள். அத்தனை ஆல்கஹால் மாதக்கணக்கில் தக்கையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் தக்கை இற்றுப்போகும், திறக்கும் நாளில் கழுத்திலேயே முறியும். மிதக்கும் தூளை "ஓக் கேரக்டர்" என்று சொல்லி ஊற்றலாம்.

கேத்தி பள்ளத்தாக்கு தெரியும் ஜன்னலோரம் வையுங்கள். கோடை வெயிலில் லேபிள் வெளுக்கும், ஜூலை மழையில் பூஞ்சை பிடிக்கும். பீப்பாயை விட்டு இறங்கிய விஸ்கிக்கு அதற்குமேல் வயது ஏறாது என்பார்கள். நீங்கள் ஏற்றுங்கள். லேபிளில் எட்டு வருடம், அலமாரியில் பத்து வருடம். பதினெட்டு என்று சொல்லுங்கள்.

5. டேஸ்டிங் சனிக்கிழமை

ஜனவரியில் வையுங்கள். 'ரூம் டெம்பரேச்சரில்' பருக வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்த மாதம் ஊட்டி வீட்டு ரூமில் வாயைத் திறந்தாலே ஆவி பறக்கும். அந்தக் குளிரில் விஸ்கியின் வாசனை கிளாஸை விட்டு எழும்பாது. அதனால் என்ன? வாசனை இல்லாதபோதுதான் எதையும் சொல்ல முடியும். திருவள்ளுவர் தினமாகப் பார்த்து வைத்தால் இன்னும் சிறப்பு. டாஸ்மாக் மூடியிருக்கும், வந்தவர்கள் உங்கள் பேச்சைக் கேட்டே தீர வேண்டும்.

ஜலதோஷம் உள்ளவரைக் கண்டிப்பாக அழையுங்கள். கைக்குட்டையில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுக்கொண்டு வருவார். அவர் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அறையில் எல்லா பாட்டிலுக்கும் ஒரே வாசனைதான். "மின்ட் நோட் வருது பாருங்க" என்று முந்திக்கொள்ளுங்கள். கடிக்க வர்க்கி வையுங்கள். அதன் வனஸ்பதி நாக்கில் ஒரு பூச்சு பூசிவிடும். பிறகு என்ன ஊற்றினாலும் அதற்கு மேலேயே வழுக்கிக்கொண்டு போகும்.

6. நாக்கைப் பழக்காதீர்கள், வாயைப் பழக்குங்கள்

குன்னூரில் ஏலத்துக்குப் போகும் தேயிலையை ருசி பார்க்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வெள்ளைக் கோப்பைகள் மேஜை நீளத்துக்கு வரிசையாக இருக்கும். கரண்டியில் அள்ளி, விசில் அடிப்பது போலச் சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்று சுற்றித் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்ந்துவிடுவார்கள். சொல்வது ஒன்றிரண்டு வார்த்தை. அதில்தான் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்பது இருக்கிறது. இவர்களைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள். நாம் துப்புவதில்லை. ஒன்றிரண்டு வார்த்தையில் நிறுத்துவதும் இல்லை.

கிளாஸில் கருப்பட்டி மணக்கிறதா? அப்படிச் சொன்னால் மானம் போய்விடும். "மேப்பிள் சிரப்" என்று சொல்லுங்கள். இதுவரை பார்த்ததில்லை என்றாலும் பரவாயில்லை. பலாச்சுளை வந்தால் "டிராபிகல்". பழைய மரப்பெட்டி வாசனை வந்தால் "லெதர்". வெனிலா மட்டும் எப்போதும் சொல்லலாம். ஓக்கைக் கருக்கும்போது அந்த மணம் உண்மையிலேயே வருகிறது, அதனால் குருட்டாம்போக்கில் சரியாகிவிடும். ஒரு வாய்க்கு நான்கு நிமிடம் பேசுங்கள். பக்கத்தில் இருப்பவர் "நல்லா இருக்கு" என்றால் "எந்த விதத்தில்?" என்று கேட்டுவிட்டுப் புன்னகையோடு காத்திருங்கள்.

7. ஊற்று வேலை

பாட்டில் காலியாகும். பயப்படாதீர்கள், ரசிகன் பிறப்பது இங்கேதான். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு புனலை எடுங்கள். டாஸ்மாக் குவார்ட்டர் நான்கு ஊற்றினால் குதிரை பாட்டிலின் கழுத்து வரை வரும். நம் ஊர் விஸ்கி பெரும்பாலும் கரும்பு மொலாசஸ் ஸ்பிரிட். நிறத்துக்குக் கேரமல் சேர்ப்பார்கள். போர்பனில் நிறம் சேர்க்கவே கூடாது. ஆக, "அப்பா, என்ன கேரமல்!" என்று விருந்தாளி கண்ணை மூடும்போது அன்றைய இரவின் ஒரே சரியான கருத்தைச் சொல்லியிருப்பார். தலையாட்டுங்கள். அவர் நாக்கைப் பாராட்டுங்கள். இரண்டாவது ரவுண்டு கேட்டால், "இது கடைசி பாட்டில்" என்று கால் பெக் மட்டும் விடுங்கள்.

8. காலி பாட்டில்

நீலகிரி டாஸ்மாக்கில் 2022 மே முதல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். காட்டில் வீசும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு வந்த ஏற்பாடு. மைத்துனரின் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கிடையாது, அலமாரியிலேயே இருக்கட்டும். சிக்கல் புனல் வழியாகக் காலியான குவார்ட்டர் பாட்டில்களில்தான். அவை கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் பெருகிக்கொண்டே போகும். தோட்டக்காரரிடம் கொடுத்தனுப்பாதீர்கள், எண்ணிவிடுவார்.

சாக்கில் கட்டி, இருட்டியபின் நீங்களே எடுத்துப் போங்கள். கடை பத்து மணிக்குச் சாத்துவார்கள். ஒன்பதே முக்காலுக்குக் கூட்டம் குறைவு. வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரும் ஒரு சாக்கு வைத்திருப்பார். திரும்பினால், போன சனிக்கிழமை உங்கள் வீட்டில் கண்ணை மூடிக் கேரமல் என்றவர். "எஸ்டேட் ஆளுங்க போட்டுட்டுப் போனது" என்று யார் முதலில் சொல்கிறாரோ அவர் தப்பித்தார். முந்திக்கொள்ளுங்கள்.