ஒரே விசிறியின் கீழ் மூன்றேமுக்கால் பேர்: மட்டாஞ்சேரிக் கோடையில் படுக்கையிடப் பங்கீடு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறை. அதில் அப்பா, அம்மா, நாலரை வயது மகள், அம்மாவின் வயிற்றில் ஏழு மாதத்தைத் தாண்டிய ஒருவர் என்று மொத்தம் மூன்றேமுக்கால் பேர். ஏப்ரல், மே மாதங்களில் இவர்கள் ஒரே மின்விசிறிக்கு அடியில் எப்படிப் படுக்கிறார்கள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மதிப்புள்ள இடத்துக்கும் காற்றுள்ள இடத்துக்கும் சம்பந்தமில்லை என்பது மைய முடிவு. வீடுகளில் சண்டை நடப்பது பெரும்பாலும் மதிப்புள்ள இடத்துக்காகத்தான் என்பது துணை முடிவு. ஆய்வாளர் ஆய்வுப்பொருளோடு ஒரே படுக்கையில் படுத்திருந்தார். எனவே நடுநிலையை அவரிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

1. ஆய்வுக் களம்

அரண்மனைச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டு. தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது என்று பத்துக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் புழங்கும் வட்டாரம் இது. ஏப்ரல் பிறந்துவிட்டால் அத்தனை மொழியிலும் ஒரே புலம்பல்தான்.

கொச்சி வெயில் வேலூர் வெயிலைப்போல் நாற்பதைத் தொட்டு மிரட்டாது. 33, 34 டிகிரியில் நின்றுகொள்ளும். ஆனால் ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் காயல். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் உடம்பில் ஊறும் வியர்வைக்கு உலர இடமில்லை. இரவிலும் 26-க்குக் கீழே இறங்க வெப்பத்துக்கு மனம் வராது. பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று, இரவில் திசை மாறிக் கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. போகிற வழியில் எங்கள் சந்துக்குள் அது நுழைந்ததாகப் பதிவு இல்லை.

ஏசி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். ஓட்டுக்கும் மரத்தட்டுக்கும் நடுவே உள்ள இடுக்குகளில் குளிர் தப்பி ஓடிவிடும். சுவரில் துளை போட வீட்டுக்காரரும் சம்மதிக்கவில்லை. ஆகவே குடும்பத்தின் குளிர்சாதன வசதி என்பது வாட்டர் மெட்ரோதான். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கு முனையம் திறந்தபிறகு, ஏசி படகில் ஏறி ஹைகோர்ட் ஜங்ஷன்வரை போய், அங்கே ஒரு சர்பத் குடித்துத் திரும்புவது மாலை நேரச் சிகிச்சையாக அமைந்தது. படகில் இரவு தங்க அனுமதியில்லை என்பதால் ஆய்வு படுக்கையறைக்கே திரும்புகிறது.

2. பிரச்சினையின் தோற்றம்

முதல் பிரசவமாக இருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அங்கே அவளுக்குத் தனி அறை, தனி விசிறி, நடுச்சாமத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள். இரண்டாவதுக்குப் பல வீடுகளில் வளைகாப்பு கிடையாது. வளையல் இல்லையென்றால் வழியனுப்புதலும் இல்லை. பெண் போவதற்குப் பதிலாகப் பெண்ணைப் பெற்றவர் வருகிறார்.

அப்படித்தான் பாலருவி ரயிலில் தென்காசியிலிருந்து ஆச்சி வந்தார். கையில் ஒரு பத்தமடைப் பாய், ஒரு பனையோலை விசிறி, நைந்து மெத்தென்றாகிவிட்ட நூல்சேலைகள் அடங்கிய ஒரு மஞ்சள்பை. வந்த அன்றே, “எனக்கு ஃபேன் எல்லாம் வேண்டாம் மாப்ளே. நான் தரையில இப்படி ஓரமா முடங்கிக்கிடுதேன்” என்று அறிவித்துக் கதவோரம் பாயை விரித்தார். இந்தத் துறவின் விளைவு ஐந்தாம் பகுதியில் விளக்கப்படுகிறது.

3. முன்னோர் கருத்துகள்

இத்துறையில் இரண்டு பள்ளிகள் உண்டு. முதலாவது ஆச்சி பள்ளி: “பிள்ளத்தாச்சி மேல காத்து நேரா அடிக்கப்படாது. சளி புடிச்சிட்டுன்னா மருந்துகூட இஷ்டத்துக்குக் குடுக்க முடியாது, பாத்துக்கிடுங்க.” இரண்டாவது மருத்துவர் பள்ளி: நிறைமாதத்தில் மல்லாந்து படுக்கக் கூடாது, கருப்பையின் பாரம் கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தாமலிருக்க இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

இரண்டு பள்ளிகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு வடிவியல் பிறக்கிறது. வடக்கே தலை வைக்கக் கூடாது என்பது ஆச்சி பள்ளியின் அசைக்க முடியாத விதி. ஆகவே தலை கிழக்கே. கிழக்கே தலைவைத்து இடப்பக்கம் ஒருக்களித்தால் முகம் தெற்கே திரும்பும். அம்மா வடக்குச் சுவரோரம் படுத்தால் தெற்கே, அதாவது நடுவில், மகள். “அம்மா என்னப் பாத்துதான் தூங்கணும்” என்று அவள் பல மாதங்களாக வைத்துவந்த கோரிக்கைக்கு மருத்துவ அறிவியல் முத்திரை குத்திவிட்டது. அப்பாவுக்குக் கிடைத்தது முதுகின் காட்சி, மகளுடைய முதுகு.

வரலாற்றுச் சான்று தேடிச் சந்துமுனையிலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் போனோம். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. 1663-க்குப் பிறகு டச்சுக்காரர் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்றே பெயர் தங்கிவிட்டது. அரசரின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் ஓவியமாக ஓடுகிறது; தொடங்குவதே தசரதன் பிள்ளை வேண்டிச் செய்யும் வேள்வியில்தான். ஒரு வேள்வி, மூன்று தாய்மார், நான்கு பிள்ளைகள். மகள் அண்ணாந்து பார்த்து, “இவங்க வீட்ல எத்தன ஃபேன்?” என்று கேட்டாள். ஆய்வுலகம் இதுவரை எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி அது. சுவரில் விடை கிடைக்கவில்லை.

4. கருவியும் பங்கேற்பாளர்களும்

விசிறி: 1880-களில் அமெரிக்காவில் ஃபிலிப் டீல் தையல் இயந்திர மோட்டாரில் இறக்கை பொருத்தி உத்தரத்தில் தொங்கவிட்ட கருவியின் வழித்தோன்றல். குறுக்களவு 1200 மில்லிமீட்டர், 75 வாட், மூன்று இறக்கை. ரெகுலேட்டரில் ஐந்து எண்கள். ஒன்றில் சுற்றுகிறது என்று நம்ப வேண்டும். இரண்டில் சுற்றுவது தெரியும். மூன்றுக்கும் நாலுக்கும் வேற்றுமை காண இந்த ஆய்வால் முடியவில்லை. ஐந்தில் நாள்காட்டி பறக்கும்.

விசிறி காற்றைக் குளிரவைப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். முக்கியமான இன்னொரு செய்தியை விற்கிறவர்கள் சொல்வதில்லை. மோட்டாருக்கு நேர் கீழே காற்று சொற்பம். காற்றைத் தள்ளுவது இறக்கை. மோட்டார் வெறும் குமிழ். இறக்கைகள் வீசும் வளையத்துக்கு அடியில்தான் உண்மையான காற்று இறங்குகிறது. இறங்கியது தரையில் மோதி நாலாபுறமும் ஓரங்களுக்குப் படர்கிறது.

அம்மா: கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடுகிறது, உடம்பின் உழைப்பும் அது உண்டாக்கும் சூடும் கூடுகின்றன. ஊருக்கே வேர்க்கும்போது இவளுக்கு ஒன்றரை மடங்கு வேர்க்கிறது. கொசுவும் விடுவதில்லை. காம்பியாவில் நடத்தி 2000-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, மலேரியா கொசுக்கள் கர்ப்பிணிகளை மற்ற பெண்களைவிட இருமடங்கு தேடி வருகின்றன என்று கண்டது. கொச்சிக் கொசு இந்த ஆய்வைப் படித்திருக்க வேண்டியதில்லை. அதற்கு அனுபவ அறிவு உண்டு. வலை கட்டினால் காற்று வராது, வலையை அவிழ்த்தால் கொசு வரும். வேகமான காற்றில் கொசுவால் நிலையாகப் பறக்க முடியாது என்பதால் ரெகுலேட்டர் ஐந்துக்கே போகிறது, நாள்காட்டி பறக்கிறது.

மகள்: தூக்கத்தில் கடிகார முள்ளைப்போல் ஒரு சுற்று வருவாள். பத்து மணிக்குத் தலை இருந்த இடத்தில் இரண்டு மணிக்குக் கால் இருக்கும். வயிற்றிலிருப்பவரும் அம்மா அசையாமல் படுத்த நேரம் பார்த்துத்தான் உதைக்கத் தொடங்குகிறார். ஒரே வயிற்றுக்கு வெளியிலிருந்து ஓர் உதை, உள்ளிருந்து ஓர் உதை. உடன்பிறப்புகளின் முதல் உரையாடல் இது என்று கொள்ளலாம். இரண்டு உதைக்கும் நடுவிலிருக்கும் அம்மாவுக்குத்தான் தூக்கம் போகிறது. ஒரு தலையணை எல்லைச் சுவராக நிறுத்தப்பட்டது. விடியும்போது அது எப்போதும் அப்பாவின் முகத்தின்மேல் இருந்தது.

வயிற்றிலிருப்பவர்: தம்பியா தங்கையா என்று கேட்கவும் சொல்லவும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இடம்தராது. பள்ளி மலையாளத்தில் மகள் சூட்டிய ‘குஞ்ஞுவாவ’ என்ற பெயரே இருபாலுக்கும் பொதுவாக ஆளப்பட்டது.

5. கண்டறிந்தவை

வீட்டிலுள்ள இரண்டு ஒற்றைக் கட்டில்களையும் ஒட்டிப் போட்டு அவற்றின்மேல் தனித்தனி மெத்தை. நடுவிடம் என்று மகள் உயிரைக் கொடுத்துக் காக்கும் இடம், இரண்டு மெத்தைகளும் பிரியும் பள்ளம். அதற்கு நேர் மேலே மோட்டார். அறையிலேயே காற்று மிகக் குறைந்த இடமும் முதுகுக்கு மிகக் கேடான இடமும் ஒன்றே. காலையில் அவள் எழும்போது கழுத்தோரம் முடி ஒட்டிக்கிடக்கும். தலையணை உறையில் முகத்தின் வடிவில் ஈரம். “ஓரத்துல படுத்துக்கோயேன், காத்து வரும்” என்றால், “அப்ப நடுவுல யாரு?” என்பாள். பதில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அவள் நகரவில்லை.

சுவரோரம் அம்மாவுக்கு அரைக் காற்று. தெற்கு ஓரம் அப்பாவுக்கு, உடம்பில் பாதி கட்டிலுக்கு வெளியே என்ற நிபந்தனையோடு, ஓரளவு காற்று. தாராளமான காற்று எங்கே போகிறது? நாற்பது வீட்டுப் புழுக்கம் அடங்கிக் கிடக்கும் ஒரு நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்த ஆய்வாளர், கதவோரத்துப் பாயில் சேலைத் தலைப்பு படபடப்பதைக் கண்டார். விசிறியிலிருந்து இறங்கித் தரையில் மோதிய காற்று முழுதும் கதவிடுக்கை நோக்கி அங்கேதான் ஓடுகிறது. விசிறியே வேண்டாம் என்றவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கினார்.

6. முன்பேரம்

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் மிளகுக்கு முன்பேர வணிகம் 1957-இல் தொடங்கியது. இந்திய மிளகு மற்றும் நறுமணப்பொருள் வணிகச் சங்கத்தின் கூடத்தில், இன்னும் கொடியிலிருந்து பறிக்காத மிளகுக்கு வியாபாரிகள் கூவிக் கூவி விலைபேசினார்கள். எங்கள் வீட்டில் இன்னும் பிறக்காதவரின் படுக்கையிடத்துக்கு அதே முறையில் பேரம் நடந்தது. குஞ்ஞுவாவ நடுவில் படுக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று மகள் ஆரம்ப விலை சொன்னாள். வாரத்துக்கு ஒரு வாட்டர் மெட்ரோ பயணம் என்று அப்பா ஏற்றினார். அதோடு ஒரு சேமியா ஐஸ் என்றாள். நாள் நெருங்க நெருங்க விலை கூடி, மே மாதக் கடைசியில் அது புதுக் குடை, புதுப் பை, அம்மா தினமும் ஊட்டிவிடுவது என்றவரை போய்விட்டது. கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. பள்ளி திறப்பதும் அன்றுதான். மருத்துவர் குறித்த தேதியும் அந்த வாரமே. ஒரே வாரத்தில் மூன்று வரவு. கையிருப்பில் ஒரே ஒரு நடுவிடம்.

பேரத்தை முறித்தது ஆச்சியின் ஒரு பார்வை. தூளி எங்கே கட்டுவது என்று மரத்தட்டை அண்ணாந்து பார்த்தவர், விசிறிக்கு ஒரு கை தள்ளி உத்தரத்தில் பதிந்திருந்த இரும்பு வளையத்தைக் கண்டுபிடித்தார். வெளிப்பக்கம் துரு. உட்பக்கம் மட்டும் கயிறு உராய்ந்து உராய்ந்து பளபளவென்று தேய்ந்திருந்தது. இந்த அறையில் எத்தனையோ பிள்ளைகள் ஆடித் தூங்கியிருக்கிறார்கள். வளையம் இருந்த இடம், இறக்கைகள் எட்டாத தூரம், ஆனால் அவை இறக்கும் காற்று படர்ந்து வரும் வழி.

“பிள்ள பொறக்க முன்னாடி வெறுந்தூளி ஆடப்படாது” என்று ஆச்சி பள்ளி எச்சரித்தது. “அப்ப பலம் பாக்க வேண்டாமா அத்தை?” என்றதற்கு உடனே திருத்தம் வந்தது: “வெறுந்தூளிதான் ஆகாது. ஆள் இருந்தா தோஷமில்ல.” மஞ்சள்பையிலிருந்து ஒரு நூல்சேலை வெளியே வந்தது. முடிச்சு விழுந்தது. சுமைச் சோதனைக்கு மகள் ஏற்றப்பட்டாள். கால் இரண்டும் வெளியே தொங்க, இரண்டு ஆட்டலுக்குள் தூங்கிப்போனாள். நெற்றி முடி காற்றில் பறந்தது.

7. முடிவுகளும் பரிந்துரைகளும்

அ. காற்று, கேட்காதவர்களுக்கே கிடைக்கிறது. வேண்டாம் என்றவருக்கு முழுதும், இன்னும் வராதவருக்கு வட்டம் போட்டு வைத்தபடியும்.

ஆ. மூத்த பிள்ளை நடுவிடத்தைப் பிடித்துக்கொள்வது காற்றுக்காக அல்ல, வலது பக்கம் அம்மா, இடது பக்கம் அப்பா என்ற இருபுறச் சாட்சிக்காக. அந்தச் சாட்சியைப் பகலில் தாராளமாகக் கொடுத்துவிட்டால் இரவுச் சண்டை பாதியாகக் குறையும்.

இ. மழை தொடங்கியதும் ரெகுலேட்டர் இரண்டுக்கு இறங்கும், இந்த ஆய்வு காலாவதியாகும். அடுத்த ஆய்வு ஒரே போர்வை பற்றியதாக இருக்க வேண்டும்.

ஈ. மகள் இப்போதைக்குத் தூளிக்கு உரிமை கொண்டாடுகிறாள். குஞ்ஞுவாவ வந்ததும் எடுத்துக்கொள்ளட்டும், அதுவரை யாரும் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. நடுவிடம் இதனால் காலியாயிற்று. அப்பா ஓர் இரவு அதில் படுத்துப் பார்த்துவிட்டு ஓரத்துக்கே திரும்பிவிட்டார். விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன, இதுவரை ஒன்றும் வரவில்லை.