தேன் பாட்டிலோடு விமானம் ஏறுவது எப்படி?

அமிர்தியிலிருந்து சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கு மட்டும் இந்தக் குறிப்புகள்.

முதலில் நேரம். அமிர்தி மலையடிவாரத்திலிருந்து வேலூருக்கு 25 கிலோமீட்டர், அங்கிருந்து சென்னை. 2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது மூன்று மணி நேரம் முன்னதாகவே வரச் சொன்னார்கள். புறப்பாட்டுக்கு 75 நிமிடம் முன்பே கவுன்டரை மூடினார்கள், ஏறும் இடத்தில் இன்னொரு முறை சோதித்தார்கள், வழியனுப்ப வந்தவர்களை உள்ளேயே விடவில்லை. அப்படி ஒரு நாளில் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து முதல் நாள் சாயங்காலமே கிளம்பிவிடுங்கள். அழுகையை வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உடுப்பு. சுலபமாகக் கழற்றக்கூடிய செருப்பு நல்லது. 2001 டிசம்பரில் ரிச்சர்ட் ரீட் என்பவன் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்து அமெரிக்க விமானத்தில் ஏறினான்; அன்றிலிருந்து உலகம் செருப்பைச் சந்தேகிக்கிறது. 2009 கிறிஸ்துமஸ் அன்று இன்னொருவன் ஜட்டியில் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தான். இனி எதைக் கழற்றச் சொல்வார்களோ என்று எல்லோரும் கதிகலங்கிப் போயிருந்தோம். நல்லவேளை, உடம்பு முழுவதையும் பார்க்கும் ஸ்கேனரோடு விட்டார்கள்.

இப்போது தேன். பெட்டியில் போட்டால் கசிந்து பட்டுப்புடவை வீணாகிவிடும் என்று கைப்பையில்தான் வைப்பீர்கள், தெரியும். பையைப் பார்க்கும் ஸ்கேனர் திரையில் கரிமப்பொருள் எல்லாம் ஆரஞ்சு நிறம். தேனும் ஆரஞ்சு, புளி உருண்டையும் ஆரஞ்சு, வெடிமருந்தும் பெரும்பாலும் ஆரஞ்சு. பை தனியே ஒதுங்கும். பாட்டிலைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி அவசரமே இல்லாமல் மேலே ஏறும். மலைத்தேன் எவ்வளவு கெட்டி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அங்கே கேள்வி அதுவல்ல, 100 மில்லிக்கு மேலா கீழா என்பதுதான். கால் பாட்டில்தான் மிச்சம் என்று வாதாடாதீர்கள். கணக்கு பாட்டிலின் கொள்ளளவுக்கு, உள்ளே இருப்பதற்கு அல்ல.

இந்த 100 மில்லி வந்த கதையைக் கேளுங்கள். 2006 ஆகஸ்டில் குளிர்பான பாட்டிலில் திரவ வெடிகுண்டு கொண்டுபோகத் திட்டமிட்ட கும்பல் லண்டனில் பிடிபட்டது. அந்த வாரம் அங்கே கைக்குழந்தையின் பாலைப் பெற்றோர் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் உள்ளே விட்டார்கள். ஆனால் அந்தக் கும்பலைப் பிடித்தது விமான நிலைய வரிசை அல்ல. வீட்டை வேவு பார்த்த போலீஸ். அந்தக் கும்பல் செய்த வேலைக்கு உங்கள் தேன் இன்றுவரை அபராதம் கட்டுகிறது.

இதை வைத்து எல்லா விதியையும் கேலி செய்ய நான் தயாரில்லை. 1984 ஆகஸ்ட் 2 அன்று இதே சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில், கொழும்பு விமானத்தில் போகவேண்டிய பெட்டி வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு வருடம் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேர்; அங்கே ஆள் ஏறாமல் பெட்டி மட்டும் ஏறியிருந்தது. ஆளில்லாத பெட்டி பறக்கக் கூடாது என்ற விதியோடு சண்டை போடாதீர்கள். அதற்காக விமானம் ஒரு மணி நேரம் நின்றாலும் சும்மா உட்காருங்கள். ஷூவும் தேனும் வேறு கணக்கு.

கொப்பரை வேண்டவே வேண்டாம். எண்ணெய்ச் சத்து தீப்பற்றுமாம். கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. முழுத் தேங்காயும் கைப்பைக்கு ஆகாது. உள்நாட்டு விமானத்தில் சபரிமலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் 2023 ஜனவரி 20 வரை இருமுடித் தேங்காய்க்கு விலக்கு கொடுத்தார்கள், பிறகும் கொடுத்தார்கள். மகன் வீட்டுக்குப் போவதும் யாத்திரைதான் என்று சொல்லிப் பார்க்கலாம். விரதம் எத்தனை நாள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சாமை அரிசி பெட்டியில் தாராளமாகப் போகும். தேனை நாலைந்து சின்னக் குப்பிகளில் பிரித்து ஊற்றி, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஜிப்பை மூடிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது கவலையே இல்லை. ஊரே கேட்டனுப்பும் கோடாலித் தைலக் குப்பி எதுவும் 100 மில்லியைத் தொடாது. அளவு வைத்தவருக்கு நம் பக்கம் யாரோ சொந்தக்காரர் இருக்க வேண்டும்.